698-0: யேல் கால்பந்து அணியின் தொடக்க ஆண்டுகள்

1888ஆம் ஆண்டுப் பருவத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் எடுத்தது, எதிரணிகளுக்கு ஒரு புள்ளியைக்கூடக் கொடுக்கவில்லை என்று ஒரு பட்டியலில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது அச்சுப் பிழையா என்றும், உண்மையென்றால் ஒரு கல்லூரி அணிக்கு அது எப்படிச் சாத்தியமானது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அச்சுப் பிழை இல்லை, எண் சரியானதுதான். ஆனால் அந்த ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளில் யேல் மாணவர்கள் மைதானத்தில் என்ன செய்தார்கள் என்பதையும், அதைவிட முக்கியமாக, விதிகளை எழுதும் மேசையில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் யேலின் பலத்தில் பாதி அந்த மேசையில்தான் உருவானது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

யேல் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில். நாம் பேசும் காலத்தின் பெரும்பகுதியில் அதன் பெயர் யேல் கல்லூரி; 1887இல்தான் அது பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. இந்தப் பெயர் சென்னைக்காரர்களுக்கு அன்னியமானது அன்று. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைமைப் பொறுப்பில் இருந்த எலிஹு யேல், இங்கிலாந்து திரும்பிய பின்னர் 417 புத்தகங்களையும் ஒன்பது மூட்டைச் சரக்கையும் அந்தக் கல்லூரிக்கு நன்கொடையாக அனுப்பினார். அந்த நன்றிக்காகவே 1718இல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அணி என்ற ஒன்று உருவாவதற்கு முன்பும் அங்கே பந்தாட்டம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்களும் இரண்டாமாண்டு மாணவர்களும் நகரின் நடுவிலிருக்கும் பொதுத்திடலில் கூட்டமாகத் திரண்டு, ஒரு பந்தைச் சாக்காக வைத்து ஒருவரையொருவர் நெட்டித் தள்ளும் வருடாந்தரச் சடங்கு அது. சட்டைகள் கிழிந்தன, மண்டைகள் உடைந்தன. நகராட்சி திடலைக் கொடுக்க மறுத்தது. 1860 வாக்கில் கல்லூரியும் அதற்குத் தடை போட்டது. அந்தத் தடைக்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் யேலில் சொல்லும்படியான கால்பந்து இல்லை.

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் பக்கத்துக்கு 25 பேராக ஆடிய ஆட்டத்தைத்தான் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் கால்பந்தாட்டமாகக் கணக்கிடுகிறார்கள். யேல் அந்த வரிசையில் சேர்ந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. 1872 நவம்பர் 16 அன்று நியூ ஹேவனின் ஹாமில்டன் பூங்காவில் கொலம்பியா கல்லூரியுடன், பக்கத்துக்கு 20 பேராக ஆடி, மூன்று கோல்களுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் யேல் வென்றது. இந்த ஆட்டத்தை இன்றைய அமெரிக்கக் கால்பந்தாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட அனுமதி இல்லை. நாம் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்துக்குத்தான் அது நெருக்கமானது. 1873 அக்டோபரில் யேல், பிரின்ஸ்டன், ரட்கர்ஸ், கொலம்பியா ஆகிய நான்கு கல்லூரிகளின் மாணவர்களும் நியூயார்க்கில் கூடி அந்த உதையாட்டத்துக்குப் பொது விதிகளை வகுத்தார்கள். ஹார்வர்டுக்கும் அழைப்பு போனது. பந்தைக் கையாள இடம் தரும் தங்கள் ஆட்டமே வேறு என்று சொல்லி அவர்கள் வர மறுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டம் பலர் கவனத்தில் படுவதில்லை, ஆனால் இந்தக் கதைக்கு அது மிகவும் வேண்டியது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்தவர்கள் சிலர் ஓர் அணியாகச் சேர்ந்து நியூ ஹேவனுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பக்கத்துக்கு 11 பேர் மட்டுமே இறங்கினார்கள். இருபது பேர் முட்டி மோதிக்கொண்டு நின்ற திடலில் பதினொருவர் ஆடியபோது ஓடுவதற்கு இடம் கிடைத்தது. தனி ஆட்டக்காரனின் திறமை கண்ணுக்குத் தெரிந்தது. யேல் 2-1 என்று வென்றது. அன்றிலிருந்து, ஓர் அணிக்கு 11 பேர்தான் சரி என்ற பிடிவாதம் யேல் மாணவர்களிடம் ஊன்றிவிட்டது. அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர்கள் இந்த எண்ணைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் ஹார்வர்டு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 1874 மே மாதம் கனடாவிலிருந்து மெக்கில் பல்கலைக்கழக அணி, ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்து ஹார்வர்டுடன் இரண்டு நாட்கள் ஆடியது. அதில் ஓர் ஆட்டம் ரக்பி விதிகளின்படி நடந்தது. முட்டை வடிவப் பந்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனை மடக்கிக் கீழே தள்ளுவது எல்லாம் ஹார்வர்டு மாணவர்களுக்கு உடனே பிடித்துப்போயின. மறு ஆண்டு, 1875 நவம்பர் 13 அன்று, யேலும் ஹார்வர்டும் முதன்முதலாக மோதின. இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதிக்கொண்ட கலப்பு விதிகள்தான் பின்பற்றப்பட்டன என்றாலும், அவற்றில் ரக்பியின் பங்கே அதிகம். பழக்கமில்லாத யேல் 4-0 என்று தோற்றது. தோற்றவர்கள் மனம் கசந்து பழைய ஆட்டத்துக்குத் திரும்பிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர்கள் தங்களைத் தோற்கடித்த ஆட்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். அந்த மனப்பாங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

1876 நவம்பர் 23 அன்று மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள மாசசாய்ட் விடுதியில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா மாணவர்கள் கூடி, ரக்பி விதிகளைச் சில மாற்றங்களோடு ஏற்று ஒரு சங்கம் அமைத்தார்கள். மற்ற மூவரும் அணிக்கு 15 பேர் என்றார்கள். யேல் 11 என்று நின்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே யேல் சங்கத்தில் முறைப்படி சேராமல் 1879 வரை வெளியே இருந்தது; ஆனால் கூட்டங்களுக்கு வரவும் அந்தக் கல்லூரிகளோடு ஆடவும் தவறவில்லை.

அந்த 1876ஆம் ஆண்டில்தான் வால்டர் கேம்ப் என்ற பதினேழு வயது இளைஞர் யேலில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். கனெக்டிகட்டின் நியூ பிரிட்டன் நகரில் 1859இல் பிறந்தவர். சேர்ந்த அதே பருவத்தில் அணியில் இடம் பிடித்தார். அந்த நவம்பரில் யேல் முதல்முறையாக ஹார்வர்டை வென்றபோது களத்தில் இருந்தார். அந்த நாட்களில் அணித்தலைவன்தான் பயிற்சியாளர், தேர்வாளர், வியூகம் வகுப்பவர் எல்லாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் யேலில் இல்லை. கேம்ப் 1878இலும் 1879இலும் அணித்தலைவராக இருந்தார். பட்டம் பெற்ற பிறகு அங்கேயே மருத்துவம் படிக்கச் சேர்ந்ததால் தொடர்ந்து ஆடவும் முடிந்தது; அதற்கு அன்று தடையில்லை. தலைவர் என்ற முறையில் விதிக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியவர், அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்த மேசையை விட்டு எழவே இல்லை.

இப்போது 1880ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஏதாவது ஒரு பகுதியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான். ரக்பியில் பந்தோடு ஓடியவனை மடக்கியதும் இரு பக்கத்து ஆட்களும் தோளோடு தோள் பிணைந்து ஒரு வளையமாக நெருக்கி நிற்பார்கள். பந்து அந்தக் கால்களுக்கு நடுவில் கிடக்கும். அது எந்தப் பக்கமாக, எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்த பிறகுதான் அடுத்த ஆட்டம். முன்கூட்டியே ஒரு திட்டம் போட்டு வைத்துக்கொள்ள இதில் வழியே இல்லை. கேம்ப் முன்வைத்து 1880 அக்டோபரில் நிறைவேறிய விதி இந்தக் குழப்பத்தை ஒரே வீச்சில் ஒழித்தது. மடக்கப்பட்ட அணியே பந்தை வைத்துக்கொள்ளும். இரு அணிகளும் பந்துக்கு இப்பாலும் அப்பாலும் எதிரெதிராக வரிசைகட்டி நிற்க வேண்டும். வரிசையின் நடுவில் நிற்பவன் பந்தைத் தன் முன்னால் தரையில் வைத்து, காலால் பின்னோக்கித் தட்டிவிடுவான். கையால் கொடுப்பது பின்னாளில் வந்த பழக்கம். அன்று குதிகாலாலோ பாதத்தாலோ அழுத்தி, உருண்டையில்லாத அந்தப் பந்தைச் சரியான திசையில் பின்னால் துள்ள வைப்பதே தனிக் கலையாக இருந்தது. தட்டிய பந்தை முதலில் எடுப்பவனுக்கு குவார்ட்டர்பேக் என்று விதியிலேயே பெயர் கொடுத்தார்கள். அவன் அதை எடுத்துக்கொண்டு தானே முன்னேறக் கூடாது. பின்னால் நிற்கும் இன்னொருவனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பந்து யாரிடம் இருக்கிறது, எந்த நொடியில் கிளம்பும், முதலில் யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அப்படியானால் யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரை மறிப்பது என்று முந்தின நாளே ஒத்திகை பார்த்துவைக்கலாம், குறிச்சொல் வைத்துக்கொள்ளலாம். ரக்பியிலிருந்து அமெரிக்கக் கால்பந்து பிரிந்த இடம் இதுவே. அதே கூட்டத்தில் யேலின் பழைய பிடிவாதமும் ஜெயித்தது: அணிக்கு 11 பேர் என்று முடிவானது. இன்றுவரை அந்த எண் மாறவில்லை.

ஆனால் அந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பந்து நம்மிடமே இருக்கும் என்றால், முன்னேற முயற்சி செய்யாமலே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு இருக்கலாமே! 1881இல் நியூயார்க்கில் நடந்த யேல்-பிரின்ஸ்டன் ஆட்டத்தில் அதுதான் நடந்தது. முதல் பாதி முழுவதும் பிரின்ஸ்டன் பந்தை வைத்துக்கொண்டு நகராமல் நின்றது. இரண்டாம் பாதியில் பந்து யேலிடம் வந்ததும் அவர்களும் அதையே செய்தார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. காசு கொடுத்துப் பார்க்க வந்த கூட்டம் கொதித்துப்போனது. தாம் கொண்டுவந்த விதியே ஆட்டத்தைக் கொன்றுவிடும் என்பதைக் கேம்ப் புரிந்துகொண்டார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஒரு அணி தொடர்ந்து மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கெஜமாவது முன்னேற வேண்டும், அல்லது பத்து கெஜம் பின்வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பந்தை எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும். ஐந்து கெஜம் ஆயிற்றா என்பதை நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிடலாம் என்றாராம் கேம்ப். அப்படிப் போட்டால் இறைச்சி வாட்டும் கம்பி அடுக்கு மாதிரி இருக்குமே என்று பதில் வந்ததாம். அந்தக் கம்பி அடுக்குக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘கிரிடயர்ன்’ என்ற சொல்லே மைதானத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

புள்ளிக் கணக்கும் அப்போதுதான் ஒழுங்குக்கு வந்தது. அதுவரை கோல்களையும் டச்டவுன்களையும் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) ஒப்பிட்டு யார் வென்றார்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1883இல் ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று எண் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தியதில், டச்டவுனுக்கு 4, அதையடுத்த உதை கோலானால் 2, ஓட்டத்தின் நடுவே உதைத்து அடிக்கும் கோலுக்கு 5 என்று ஆயிற்று. நீங்கள் பார்த்த 698 இந்தக் கணக்கில் வந்தது.

விதியை எழுதிய கல்லூரிக்கு அதனால் என்ன ஆதாயம்? ஒரு விதி ஏன் வருகிறது, அதில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தவர் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார் என்பதே பெரிய ஆதாயம். கேம்ப் மருத்துவப் படிப்பை முடிக்காமல் விட்டுவிட்டு, நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் அங்கே வேலை இருந்ததால் மாணவர்கள் பிற்பகலில் பயிற்சி செய்யும்போது அவரால் வர முடிவதில்லை. 1888 ஜூனில் அவர் ஆலிஸ் சம்னரை மணந்தார். யேலில் சமூகவியல் கற்பித்த புகழ்பெற்ற பேராசிரியர் வில்லியம் கிரகாம் சம்னரின் தங்கை. அந்த இலையுதிர்காலத்தில் புதுமணப்பெண்ணான ஆலிஸ்தான் தினமும் மைதானத்துக்குப் போய், ஓரத்தில் நடந்தபடி யார் எப்படி ஆடினான், யார் பந்தைத் தவறவிட்டான், எந்த அசைவு தாமதமானது என்று கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தார். மாலையில் கணவரிடம் அதைச் சொல்வார். இரவில் அணித்தலைவரும் முக்கிய ஆட்டக்காரர்களும் கேம்ப் வீட்டுக்கு வருவார்கள். அன்றைய பிழைகளும் மறுநாள் வேலையும் அங்கே பேசி முடிவாகும். கேம்ப் இதற்குச் சம்பளம் வாங்கவில்லை. ஆலிஸுக்கு உரிய பெயர் பெரும்பாலான பதிவுகளில் கிடைக்கவில்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம். அந்த ஆண்டு அணியை அருகில் நின்று பார்த்த கண் அவருடையதுதான்.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள்? நடுவில் நின்று பந்தைத் தட்டியவர் அணித்தலைவர் வில்லியம் கார்பின். அவருக்குப் பக்கத்தில் கார்டு இடத்தில் ஆடியவர் மினசோட்டாவிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர். பின்னாளில், 1892 நவம்பரில், பிட்ஸ்பர்க்கில் ஓர் ஆட்டத்துக்கு 500 டாலர் பெற்று, காசு வாங்கி ஆடியதற்குச் சான்றுள்ள முதல் ஆட்டக்காரர் ஆனார். மற்றொரு கார்டு ஜார்ஜ் உட்ரஃப். வரிசையின் ஓரத்தில் இறையியல் மாணவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். உதைப்பதற்கு வில்லியம் புல். ஒவ்வொருவரும் தன் இடத்துக்கான வேலையை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள். எதிரணிகள் பலவற்றில் இந்த ஆட்டமே சில ஆண்டுப் பழக்கம்தான்.

இங்கேதான் உங்கள் எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். 698 புள்ளிகளில் பெரும்பகுதி சிறு கல்லூரிகளுக்கு எதிராக வந்தது. வெஸ்லியன் கல்லூரியை ஒரு முறை 76-0 என்றும் இன்னொரு முறை 105-0 என்றும் யேல் வென்றது. அந்த இரண்டு ஆட்டங்களே 181 புள்ளிகள்; மொத்தத்தில் கால் பங்குக்கு மேல். சமபலம் கொண்ட ஹார்வர்டோடு அந்த ஆண்டு ஆட்டமே நடக்கவில்லை. நியூயார்க்கில் போய் ஆடக் கூடாது என்று ஹார்வர்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைத் தடுத்துவிட்டார்கள். எஞ்சிய ஒரே பெரிய எதிரி பிரின்ஸ்டன். அந்த ஆட்டத்தின் முடிவு 10-0. அந்தப் பத்துப் புள்ளிகளும் புல் உதைத்த இரண்டு கோல்களிலிருந்து வந்தவை. பிரின்ஸ்டனின் எல்லைக் கோட்டை யேல் ஒரு முறைகூடத் தாண்டவில்லை. ஆகவே யேல் அந்த ஆண்டின் மிகச் சிறந்த அணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மற்றெல்லோரையும்விட மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் அது இருந்தது என்று 698-0 நமக்குச் சொல்வதாகத் தோன்றினால், 10-0ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் 698ஐவிட அந்தப் பூஜ்யத்துக்கே அதிக மதிப்புக் கொடுப்பேன். பிரின்ஸ்டனையும் சேர்த்துப் பதின்மூன்று ஆட்டங்களில் ஒருவரும் ஒரு புள்ளி எடுக்க முடியாமல் போனது ஒழுங்கான பயிற்சியால் மட்டுமே வரக்கூடியது.

1891இலும் இதுவே நடந்தது: 13 ஆட்டங்கள், 488-0. 1890 நவம்பரில் ஹார்வர்டிடம் 12-6 என்று தோற்ற பிறகு தொடர்ச்சியாக 37 ஆட்டங்களை வென்ற யேலை 1893இல் நியூயார்க்கில் பிரின்ஸ்டன்தான் 6-0 என்று நிறுத்தியது.

இந்த வெற்றிகளுக்கு ஒரு விலையும் இருந்தது, அதை மறைத்துவிட்டு யேலைப் புகழ்வது நேர்மையாகாது. 1888இல் இடுப்புக்குக் கீழே முழங்கால்வரை பிடித்து மடக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். திறந்த வெளியில் ஓடுகிறவனை வீழ்த்துவது அதனால் சுலபமானது. ஆகவே அணிகள் பந்து வைத்திருப்பவனைச் சுற்றி நெருக்கமாகத் திரண்டு, ஒரே இடத்தில் மோதி உடைக்கத் தொடங்கின. 1892இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு இறக்கிய ஆப்பு வடிவத் தாக்குதல் அதன் உச்சம்: இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஓடிவந்து, ஆப்பாக ஒன்றுகூடி, எதிரணியின் ஒரே ஆள்மீது மொத்த வேகத்தையும் இறக்குவது. யேல் அன்றும் 6-0 என்று வென்றது. 1894இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த யேல்-ஹார்வர்டு ஆட்டத்தில் இரு பக்கத்திலும் அத்தனை பேர் படுகாயமடைந்ததால், அடுத்த இரண்டு ஆண்டுகள் இரு கல்லூரிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை. திட்டமிட்ட ஆட்டத்துக்கு வழிதிறந்த விதிதான் திட்டமிட்ட முரட்டுத்தனத்துக்கும் வழிதிறந்தது. அந்தப் பொறுப்பில் கேம்புக்கும் பங்கு உண்டு. 1905 பருவத்தில் நாடு முழுவதும் மாணவர்கள் உயிரிழந்த செய்திகள் குவிந்தபோது, அதிபர் தியோடர் ரூசவெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். யேலின் சார்பில் போனவர்களில் கேம்பும் ஒருவர்.

1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. கேம்ப் அதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. அவர் வலியுறுத்தியது, தாம் முன்பு போட்ட ஐந்து கெஜக் கணக்கைப் பத்து கெஜமாக உயர்த்த வேண்டும் என்பது. அதுவும் நிறைவேறியது. அதற்குள் 1888 அணியின் ஆட்கள் யேலின் முறையை வெகுதூரம் கொண்டுபோயிருந்தார்கள்: ஸ்டாக் 1892இல் புதிதாகத் திறந்த சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் நாற்பது ஆண்டுகள் அங்கே பயிற்சி கொடுத்தார்; உட்ரஃப் பென்சில்வேனியாவுக்குப் போனார்; ஹெஃபல்ஃபிங்கர் கலிஃபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் பயிற்சி கொடுத்தார். கேம்ப் மட்டும் ஸ்டான்ஃபோர்டுக்குச் சில முறை போய்வந்ததைத் தவிர நியூ ஹேவனிலேயே தங்கினார். கடிகார நிறுவனத்தின் தலைவரானார். விதிக் குழுவில் தொடர்ந்து உட்கார்ந்தார். 1925 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த அந்தக் குழுவின் கூட்டத்துக்கும் வந்திருந்தார். 14ஆம் தேதி காலை அமர்வில் அவர் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து உறுப்பினர்கள் விடுதி அறைக்குத் தேடிப் போனபோது, இரவிலேயே உறக்கத்தில் அவர் இறந்திருந்தது தெரிந்தது.